வேலிக்குள் நிற்கும் மான்



புதுவையில் பிரான்சு நாட்டோடு உறவுத் தொடர்பில்லாத தெரு அரிது. நம் சாரம் பகுதியிலும், "மூத்தவன் பாரீசில் இருக்கிறான், இளையவள் லியோனில் இருக்கிறாள்" என்று கூறும் பெற்றோர் பலரைக் காண்கிறோம். அவ்வாறு அங்கே குடியேறிய ஒரு குடும்பத்து இளைஞர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் கருத்து வருமாறு:

"சுவாமி, நான் வேலை பார்க்கும் இடத்து முதலாளி, சொலோஞ் என்னும் வட்டாரத்திலுள்ள தம் நண்பரின் காட்டுக்கு வேட்டையாட வருமாறு என்னை அழைக்கிறார். சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேலான கம்பிவேலி உண்டாம். உள்ளே மான்களும் காட்டுப்பன்றிகளும் தீனி போட்டு வளர்க்கப்படுகின்றனவாம். வெறுங்கையோடு எவரும் திரும்புவதில்லையாம். மறுத்தால் முதலாளி மனம் வருந்துவார். புனித ஹூபர்ட் திருநாளையொட்டி இங்கே பல கோயில்களில் வேட்டைக்காரருக்கென்றே பூசை வைக்கிறார்கள். கொம்பு ஊதுகிறார்கள். குருவானவர் வேட்டை நாய்களையும் மந்திரிக்கிறார். ஆகையால் இதில் பாவம் இராது என்று எண்ணுகிறேன். ஆயினும் மனம் ஒப்பவில்லை. போகலாமா?"

மனம் ஒப்பவில்லை என்று அவர் எழுதிய அந்தச் சொல்லை நாம் பெரிதும் மதிக்கிறோம். மனச்சான்று பல வேளைகளில் காரணம் கூறாமலே தடுக்கும். காரணத்தைத் தேடிக் கண்டுகொள்வது அறிவின் கடமை. அதனை இம்மாதம் நாம் ஒன்றுகூடித் தேடுவோம்.

திருச்சபையும் வேட்டையும்

வேட்டை அனைத்தும் பாவம் என்று திருச்சபை போதித்ததில்லை. வெள்ளப்பெருக்குக்குப் பின் இறைவன் நோவாவுக்கு விலங்குகளை உணவாக அளித்தார் என ஆதியாகமம் கூறுகிறது. உண்ணத்தக்க விலங்குகளின் வரிசையில் உபாகமம் மானையும் சேர்த்திருக்கிறது. சாலமோன் மன்னரின் பந்திக்கு நாள்தோறும் மான் இறைச்சி வந்ததென்று அரசராகமம் குறிக்கிறது.

ஆனால் அதே மறைநூல், வேட்டையாடுகிறவனுக்கு ஒரு கடமையையும் விதிக்கிறது. அவன் தான் பிடித்த விலங்கின் இரத்தத்தைத் தரையில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும் என்பது லேவியராகமத்தின் சட்டம். உயிர் ஆண்டவருடையது, இறைச்சி மட்டுமே எனக்கு அளிக்கப்பட்டது என்று வேட்டைக்காரன் ஒவ்வொரு முறையும் மண்டியிட்டு ஒப்புக்கொள்ளும் செயல் அது. கூட்டில் குஞ்சுகளோடிருக்கும் தாய்ப்பறவையைப் பிடிக்கலாகாது என்று உபாகமம் தடுப்பதும் இவ்வகையினதே. தன் குஞ்சுகளைக் காக்கும் பொருட்டுப் பறந்தோடாமல் அமர்ந்திருக்கும் தாயை அந்தத் தாயன்பைக் கொண்டே பிடிப்பது இழிவு என்பதை அச்சட்டம் உணர்த்துகிறது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நம் கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது.

புனித ஹூபர்ட் 727-இல் இறந்த லியேழ் நகர ஆயர். நவம்பர் 3 அவரது திருநாள். பெரிய வெள்ளியன்று வேட்டைக்குச் சென்ற அவர் ஒரு கலைமானைத் துரத்த, அது திரும்பி நின்றதாகவும், அதன் கொம்புகளுக்கிடையே பாடுபட்ட சுரூபம் ஒளிர்ந்ததாகவும், அவர் குதிரையினின்று இறங்கி மண்டியிட்டதாகவும் மரபுக்கதை வழங்கி வருகிறது. வேட்டைக்காரரின் பாதுகாவலர் அந்த மானைக் கொன்றதாக எந்தக் கதையும் சொல்லவில்லை. அவரது திருநாளில் கொம்பூதுவோர் இதனை எண்ணிப் பார்ப்பது நலம்.

குருக்கள் வேட்டையாடுதலையும் அதற்கென நாய், பறவைகள் வளர்த்தலையும் 1215-ஆம் ஆண்டு லாத்தரன் நான்காம் பொதுச்சங்கம் தடை செய்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், ஆரவாரத்தோடு கூடிய வேட்டையில் குருக்கள் ஒருபோதும் ஈடுபடலாகாது என விதித்தது. 1567-இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் அடைப்புக்குள் காளைகளை விட்டுப் போரிடும் கேளிக்கையைக் கடுந்தண்டனையோடு தடுத்தார். பின்வந்த திருத்தந்தையர் அத்தண்டனையைத் தளர்த்தினர் என்பதும் உண்மையே. ஆயினும் அடைத்து வைத்த விலங்கின் சாவைக் கொண்டாட்டமாக்குவது கிறிஸ்தவ உள்ளத்துக்கு ஒவ்வாது என்னும் உணர்வு திருச்சபையில் புதிதன்று என்பதற்கு இது சான்று.

வேட்டைக்காரரே வகுத்த விதி

வேட்டையை விரும்பியவர்களுள்ளும் நேர்மையாளர் இருந்தனர். தப்பியோட விலங்குக்கு மெய்யான வாய்ப்பு இருத்தல் வேண்டும், அதற்கு வழியில்லாத இடத்தில் அதனைக் கொல்லலாகாது என்பது அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. அமெரிக்காவில் தியோடர் ரூஸ்வெல்ட் முதலானோர் 1887-இல் தொடங்கிய பூன் அண்டு கிராக்கட் சங்கம் இக்கொள்கையைப் பரப்பியது.

இதனைப் பற்றி ஒரு நிகழ்ச்சி உலகெங்கும் அறியப்பட்டது. 1902 நவம்பரில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்தில் கரடி வேட்டைக்குச் சென்றார். அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. துணை வந்தவர்கள் ஒரு கரடியை அடித்து மரத்தில் கட்டிவைத்து, தலைவரைச் சுடுமாறு அழைத்தனர். கட்டி வைத்த விலங்கைச் சுடுவது ஆண்மையன்று என மறுத்த அவர், அது படுகாயமுற்றிருந்ததால் அதன் துன்பத்தை முடித்துவிடுமாறு மட்டும் பணித்தார். செய்தித்தாளில் இது கேலிச்சித்திரமாக வெளிவந்தது. பொம்மைக் கடைக்காரர்கள் அவரது செல்லப்பெயரால் கரடிப் பொம்மைகளைச் செய்து விற்றனர். நம் இல்லங்களில் குழந்தைகள் கட்டிக்கொண்டு உறங்கும் 'டெடி' கரடியின் பிறப்பு இதுதான்.

தமிழ்நாட்டிலும் இதற்கொத்த முயற்சி இருந்தது. வரம்பின்றிச் சுட்டதால் நீலகிரியில் விலங்குகள் அருகிப்போனதைக் கண்ட ஆங்கிலேயர் 1877-இல் ஒரு சங்கம் அமைத்தனர். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வேட்டையாடக் கூடாத மாதங்கள் அதன்கீழ் வரையறுக்கப்பட்டன. வேட்டைக்காரன் தன் கையைத் தானே கட்டிக்கொண்டால்தான் காடு பிழைக்கும் என்பதை அவர்கள் பட்டறிந்தனர்.

வேலி போட்ட காடு

இனி நம் இளைஞர் குறிப்பிடும் சொலோஞ் வட்டாரத்துக்கு வருவோம். ஓர்லெயான் நகருக்குத் தெற்கே, லுவார் ஆற்றுக்கு அப்பால் பரந்து கிடக்கும் குளங்களும் காடுகளும் நிறைந்த பகுதி அது. அங்கே நிலவுடைமையாளர் பலர் தம் காடுகளைச் சுற்றி உயர்ந்த கம்பிவேலிகளை எழுப்பினர். சில அடைப்புகளில் விலங்குகளைப் பெருக்கி, பணம் பெற்றுக்கொண்டு வேட்டைக்கு விடலாயினர். இதனை எதிர்த்து ஊராரும் இயற்கை ஆர்வலரும் எழுப்பிய குரலில் வேட்டைக்காரர் பலரின் குரலும் கலந்திருந்தது.

முடிவில் 2023 பிப்ரவரி 2-ஆம் நாள் பிரான்சில் ஒரு சட்டம் பிறந்தது. அதன்படி, இயற்கை நிலங்களில் எழுப்பும் வேலி 1.20 மீட்டருக்கு மேல் உயர்தல் கூடாது. தரைக்கும் வேலியின் அடிப்பகுதிக்கும் இடையே 30 சென்டிமீட்டர் விடவேண்டும். கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் எழுப்பப்பட்ட வேலிகளை மாற்றியமைக்க 2027 ஜனவரி 1 வரை தவணை. சொத்துரிமைக்கு இது கேடு என்று தொடுத்த வழக்கை ஏற்காமல், 2024 அக்டோபரில் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் இச்சட்டத்தை நிலைநிறுத்தியது. சொத்துரிமையைப் பெரிதும் போற்றும் நாடு, காட்டு விலங்கு கடந்து செல்ல ஒரு சாண் இடைவெளியேனும் இருக்கட்டும் என்று விதித்தது சிந்திக்கத்தக்கது.

ஏனைய நாடுகளிலும் இத்தகைய மனமாற்றம் தென்படுகிறது. அமெரிக்காவின் மொண்டானா மாநில மக்கள், பண்ணையில் வளர்த்த விலங்குகளைக் கட்டணத்துக்குச் சுடவிடும் வழக்கத்தை 2000-இல் வாக்களித்துத் தடுத்தனர். அடைப்பில் வளர்த்த சிங்கங்களைச் சுட்டு வீழ்த்தும் வாணிகத்துக்குப் பேர்போன தென்னாப்பிரிக்காவில், அதற்காகச் சிங்கம் வளர்ப்பதை நிறுத்தப்போவதாக அரசு 2021-இல் அறிவித்தது. அடைத்து வளர்ப்பதில் நோய் அபாயமும் உண்டு. மான்களின் மூளையை அரித்து மெலியச் செய்து கொல்லும் ஒரு நோய், 1967-இல் கொலராடோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்காக அடைத்து வைக்கப்பட்ட மான்களிடத்தே முதன்முதலில் காணப்பட்டது. இப்போது அது அந்நாட்டின் பல மாநிலங்களில் காட்டு மான்களையும் வாட்டி வருகிறது.

நம் நாட்டு நிலை

நம் நாட்டிலும் அதிகாரம் படைத்தோர் வேட்டையைக் கொலைக்களமாக்கிய காலம் உண்டு. பரத்பூர் சமஸ்தானத்தில் வேட்டைக்கென்றே அணைகட்டி நீர் தேக்கி, வந்திறங்கிய பறவைகளைச் சுட்டனர். 1938 நவம்பரில் வைசிராய் லின்லித்கோ பிரபுவின் கூட்டத்தார் ஒரே நாளில் 4,273 பறவைகளை வீழ்த்தினர். அந்த எண்ணிக்கையைக் கல்லில் பொறித்தும் வைத்தனர். அவ்விடம் 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று. வெட்கத்துக்குரியதைப் பெருமையென்று பொறித்த கல்லின் முன்னால் இன்று பறவைகள் அச்சமின்றி மேய்கின்றன.

நம்மருகே சென்னையிலுள்ள கிண்டியும் ஒருகாலத்தில் ஆங்கிலேயரின் வேட்டைக்காடாக இருந்தது. 1978 முதல் அது தேசியப் பூங்கா. ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில், நாற்புறமும் நகரம் நெருக்க, புள்ளிமான்களும் வெளிமான்களும் வாழ்கின்றன. பள்ளிச் சிறுவர்களோடு அங்கே சென்ற பெற்றோர் ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். மனிதனைக் கண்டு பழகி, தலை நிமிர்ந்து நோக்கி, மீண்டும் புல் மேயக் குனியும் மான் ஒன்றை ஒருவன் அவ்விடத்திலேயே சுட்டுவிட்டு, "நான் வேட்டையாடினேன்" என்பானாகில், நம் குழந்தைகள் அவனை எப்பெயரிட்டு அழைப்பார்கள்?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்தியாவில் வேட்டையை ஏறத்தாழ முற்றிலும் ஒழித்துவிட்டன. உயிருக்கோ பயிருக்கோ கேடு நேரும்போது மட்டும், உரிய அதிகாரியின் ஆணையின்பேரில் விலக்கு உண்டு. 1998-இல் இராசத்தானில் வெளிமான்களைச் சுட்டதாக ஒரு புகழ்பெற்ற திரைப்பட நடிகர்மேல் தொடுக்கப்பட்ட வழக்கை வாசகர்கள் அறிவர். இருபது ஆண்டுகளுக்குப்பின் 2018-இல் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். அவ்வழக்கில் சாட்சி கூறியவர்கள், மானைத் தம் பிள்ளைபோல் காக்கும் பிஷ்னோய் குலத்துச் சிற்றூர் மக்கள். செல்வாக்குக்கு அஞ்சாது இத்தனை ஆண்டுகள் அவர்கள் உறுதியாக நின்றனர். கிறிஸ்தவர்களாகிய நாம் அவர்களிடம் கற்க வேண்டியது உண்டு.

எதில் தவறு?

இங்கே அறிவுள்ள வாசகர் ஒருவர் மறுப்பு எழுப்பலாம். "மானுக்குச் சாவு சாவுதானே? திறந்த காட்டில் காயம்பட்டு ஓடி, இரண்டு நாள் துடித்துச் சாவதைவிட, வேலிக்குள் ஒரே குண்டில் மாள்வது அதற்கு எளிதன்றோ? மேலும், கோழியையும் ஆட்டையும் அடைத்து வளர்த்து அறுத்து உண்ணும் நாம், மானுக்காக மட்டும் இரங்குவது எவ்வாறு பொருந்தும்?"

இம்மறுப்பைத் தள்ளிவிட இயலாது. வலி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் வேலி வேட்டை சில வேளை குறைந்த தீமையாகவும் தோன்றும். ஆனால் அறச்செயலை அளக்க வலி மட்டும் போதாது. செய்வதன் தேவையென்ன, செய்பவனின் உள்ளம் யாதென்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கசாப்புக் கடைக்காரர் ஆட்டை அறுப்பது ஊராரின் உணவுக்காக. அவர் அதனை வீரம் என்று கூறிக்கொள்வதில்லை. ஆட்டின் தலையைச் சுவரில் மாட்டி விருந்தினரை அழைத்துக் காட்டுவதுமில்லை. அவர் தொழிலில் பாசாங்கு இல்லை. வேலிக்குள் மானைச் சுடுகிறவர் இறைச்சிக்காகச் சுடவில்லை. இறைச்சி கடையிலேயே கிடைக்கும். அவர் காசு கொடுத்து வாங்குவது கொல்லும் இன்பத்தையும், அதன்பின் சுவரில் மாட்டும் கொம்பையும். அந்தக் கொம்போ, அவரிடம் இல்லாத திறமைக்கும் நேராத ஆபத்துக்கும் சாட்சி கூறிக்கொண்டு காலமெல்லாம் தொங்கும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளையை நாவினால் மட்டுமே மீற முடியும் என்று எண்ணாதிருப்போமாக.

இதனினும் ஆழ்ந்த தவறு ஒன்றுண்டு. தாவீது அரசர் உரியாவின் மனைவியைக் கவர்ந்த குற்றத்தை உணர்த்த வந்த இறைவாக்கினர் நாத்தான், அவருக்கு ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைக் கூறினார். ஏழை ஒருவன் அதனைத் தன் உணவில் பங்கு கொடுத்து, தன் மடியில் உறங்கவைத்து மகளைப்போல் வளர்த்தான். ஏராளமான மந்தையுடைய செல்வனோ, விருந்தினனுக்காக அந்த ஒற்றைக் குட்டியைப் பிடித்து அறுத்தான். கதையைக் கேட்ட தாவீது கொதித்தெழுந்தார். உரியாவுக்காகக் கசியாத அவர் உள்ளம் ஆட்டுக்குட்டிக்காகக் கசிந்தது. கையில் உணவு வாங்கி உண்ட உயிர்க்கு இழைக்கும் கேட்டைக் கல்நெஞ்சமும் பொறாது என்பதை நாத்தான் அறிந்திருந்தார்.

வேலிக்குள் மானுக்குத் தீனி வைக்கும்போது, மனிதனை நம்பலாம் என்று அதற்குக் கற்பிக்கிறோம். இறைவன் அதற்குத் தந்த அச்சத்தையும் வேகத்தையும் மறக்கச் செய்கிறோம். மறந்தபின் அதே இடத்தில் துப்பாக்கியோடு நிற்கிறோம். தாய்ப்பறவையின் அன்பைக் கண்ணியாக்கலாகாது என்று விதித்த ஆண்டவர், நம்பிக்கையைக் கண்ணியாக்குவதை எங்ஙனம் ஏற்பார்?

அப்படியாயின் திறந்த காட்டில் ஓடவிட்டுச் சுடுவது குற்றமற்றதா என்று கேட்கலாம். ஓடவிடுவது வேட்டைக்காரனின் ஆசைக்குக் கடிவாளமிடுகிறது. அந்த அளவில் அது நற்பண்பு. ஆனால் மான் அந்தப் பந்தயத்துக்கு ஒருநாளும் உடன்படவில்லை. தோற்றால் அதற்கு உயிர் போகும், வேட்டைக்காரனுக்கு ஒரு பொழுது மட்டுமே போகும். ஆகவே ஓட வழிவிட்டதனாலேயே கொலை நியாயமாகிவிடாது. உணவு, பயிர்க்காப்பு, உயிர்க்காப்பு போன்ற தகுந்த தேவை இருத்தல் வேண்டும். உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்தலாம், ஆனால் அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானது என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாகப் போதிக்கிறது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் இப்போதனையை மீண்டும் எடுத்துரைத்தார். மனித மாண்புக்கு முரண் என்னும் அச்சொல் கருதத்தக்கது. மான் இழப்பது உயிரை. சுடுபவன் இழப்பதோ தன் மாண்பை.

ஆகவே அவ்விளைஞருக்கு நம் விடை இது: தம்பி, போகவேண்டாம். முதலாளியைக் கடிந்துரைக்கவும் வேண்டாம். "அழைத்தமைக்கு நன்றி. அடைத்து வைத்த விலங்கைச் சுட எனக்கு மனம் வரவில்லை" என்று பணிவோடு கூறிவிடுக. உம்மால் அவர் சிந்திக்கத் தொடங்கினால் அதுவும் ஒரு மறையுரையே. உழவரின் பயிரைக் காட்டுப்பன்றி அழிக்கையில் சட்டப்படி அதனைக் குறைப்பவரை நாம் இவ்வாறு தடுக்க மாட்டோம் என்பதையும் அறிக.

நம் இல்லங்களில்

இங்கே வேட்டையே இல்லை, நமக்கென்ன என்று ஒதுங்கிவிட வேண்டாம். வேலிக்குள் மானைச் சுடும் உள்ளம் சிறு வடிவில் நம் வீடுகளிலும் குடியிருக்கக்கூடும்.

ஏரிக்கரைகளில் கண்ணி வைத்துப் பிடித்த கொக்கையும் மடையானையும் ஒளித்து விற்பவரிடம், ருசிக்காக வாங்குவோர் நம்மிடையேயும் இருக்கலாம். வாங்குபவர் இல்லையேல் கண்ணி வைப்பவரும் இரார். ஊசுட்டேரியைப் பறவைகளுக்கென அரசு ஒதுக்கியிருப்பது நம் உண்ணும் ஆசைக்குக் களஞ்சியமாக அன்று. நம் காட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பதும் சட்டத்துக்குப் புறம்பானது. சிறகை வெட்டிவிட்டு, "எவ்வளவு அன்பாக இருக்கிறது பாருங்கள்" என்பது அன்பாகாது.

திருநாளுக்கென ஆட்டுக்குட்டி வாங்கும் இல்லத்தார்க்கும் ஒரு சொல். பிள்ளைகள் அதற்குப் பெயரிட்டு, தழை ஊட்டி, ஒன்றாக விளையாட விட்டபின், ஒருநாள் காலையில் ஒன்றுமறியாத அவர்கள் முன்னால் அதனை அறுப்பது நல்லதன்று. உணவுக்காக வளர்க்கிறோம் என்றால் தொடக்கத்திலேயே கூறிவிடுங்கள். பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள். நம்பிக்கை முறிவதையே அவர்களால் தாங்க இயலாது. அறுக்கும்போது துன்பமின்றி விரைவில் முடியுங்கள். அதனைச் சுற்றிக் கூச்சலும் கேலியும் வேண்டாம். ஆக்கிய இறைச்சியை வீணாக்காமல், இல்லாதவர் வீட்டுக்கும் ஒரு பங்கு அனுப்புங்கள். உண்ணுமுன் செபிக்கையில், நமக்காக ஓர் உயிர் போயிற்று என்பதை ஒரு கணம் நினையுங்கள். இரத்தத்தை மண்ணால் மூடிய அந்நாளைய வேட்டைக்காரன் செய்ததும் இதுவே.

கவண்கல்லோடு அணிலைத் துரத்தும் சிறுவனைக் கண்டால் அடிக்காதீர்கள். அந்த அணிலுக்கு ஒரு கொட்டாங்கச்சியில் நீர் வைக்கும் வேலையை அவனிடம் ஒப்படையுங்கள். தன் கையால் நீர் வைத்த உயிரின்மேல் கல்லெறிய எந்தச் சிறுவனுக்கும் மனம் வராது. அவன் வளர்ந்து, தன்னை நம்பியிருக்கும் மனைவியையும் முதிய பெற்றோரையும் தனக்குக் கீழே வேலை செய்வோரையும் நடத்தும் விதத்தில் அதன் பலனைக் காண்பீர்கள். நம் கைக்குள் இருப்பவர்மேல் நாம் காட்டும் நேர்மையே நம் விசுவாசத்துக்கு உரைகல்.

விலங்குகளையும் சகோதரரென்று அழைத்த அசிசியார் புனித பிரான்சிஸ், நம் குடும்பங்களுக்காக மன்றாடுவாராக.

சாரம், புதுச்சேரி
பங்குத்தந்தை